320ன்னு போட்டிருந்தா போதுமா? பாட்டு ஃபைல் குவாலிட்டி பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

128, 192, 320ன்னு ஃபைல் பேர்லயே போட்டிருக்காங்களே, அது என்ன கணக்கு?

ஒரு செகண்ட் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் செலவு பண்றாங்கங்கிற கணக்கு, பிட்ரேட்னு சொல்லுவாங்க, அவ்ளோதான். சிடில ஒரு செகண்டுக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்ல எழுதி, இதையே லெஃப்ட் ரைட்டுன்னு ரெண்டு சேனலுக்கும் பண்றாங்க, பெருக்கிப் பாத்தா 1411 கேபிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 1411 கிலோபிட் வரும். அஞ்சு நிமிஷப் பாட்டு ஒண்ணு 53 மெகாபைட் கிட்ட இருக்கும். அதே பாட்டு எம்பி3யா 128ல 4.8 மெகாபைட், 320ல 12. செல்போன் கடைல மெமரி கார்டு குடுத்து பாட்டு ஏத்துன காலம் ஞாபகம் இருக்கும், 1 ஜிபி கார்டுல இருநூறு பாட்டு வேணும்னு கேட்டா கடைக்காரர் 128 தான் ஏத்துவார், வேற வழியே இல்ல.

பதினொரு பங்குல பத்து பங்கு போயிடுச்சுன்னா, பாட்டு எப்படி பாட்டா கேக்குது?

கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துல "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு குரல் குடுப்பாங்க, தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியா முழங்கும். அந்த நேரத்துல யாராச்சும் தும்முனாலோ அபசகுனமா ஒரு வார்த்தை பேசுனாலோ காதுல விழக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எம்பி3 முழுக்க முழுக்க இதை நம்பித்தான் நிக்குது. பலமான சத்தம் ஒண்ணு இருக்கும்போது அதுக்குப் பக்கத்து சுருதில இருக்கிற சின்னச் சத்தம் காதுல விழாது. ஒரு பலமான அடி விழுந்தா அதுக்கப்புறம் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் வரைக்கும் சின்னது எதுவும் எட்டாது, அடிக்கு முன்னாடி சில மில்லிசெகண்டுக்கும் இது உண்டு, ஆச்சரியம்தான் ஆனா உண்மை.

இதுல ஒரு திருத்தம். "கேக்காத சத்தத்தை தூக்கிப் போட்டுடும்"னு எல்லாரும் (நானும்தான்) சொல்றோம், ஆனா பெரும்பாலும் நடக்கிறது தோராயமா எழுதுறது. நகைக்கடை தராசுல மில்லிகிராம் வரைக்கும் பாப்பாங்க, காய்கறிக் கடைல அம்பது கிராம் முன்னப்பின்ன இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க இல்லையா, அது மாதிரி காது உன்னிப்பா கவனிக்கிற இடத்துல நுணுக்கமா எழுதி, கவனிக்காத இடத்துல முழு எண்ணா ரவுண்டு பண்ணிடுது. அப்படி ரவுண்டு பண்ணா இரைச்சல் வரும், அந்த இரைச்சல் பெரிய சத்தத்துக்கு அடில ஒளிஞ்சிக்கும். ஒளிய இடம் பத்தாம வெளிய தலை நீட்டுற இரைச்சலத்தான் நாம "குவாலிட்டி சரியில்ல"ங்கிறோம்.

சரி, குவாலிட்டி சரியில்லன்னா காதுல எப்படித் தெரியும்? எதைக் கேக்கணும்?

நிறைய பேர் "பேஸ் குறையுதா"ன்னு பாக்குறாங்க. பேஸ் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கும், 96ல கூட பேஸ் கும்முன்னு இருக்கும். அங்க தேடிப் பிரயோஜனம் இல்ல.

முதல்ல ஜால்ராவைக் கேளுங்க. பஜனைப் பாட்டோ கோயில் கச்சேரியோ, ஜால்ரா தட்டுற எதுவா இருந்தாலும் சரி. நல்ல ஃபைல்ல "ணங்"னு விழுந்து மெல்ல மெல்ல தேஞ்சு போகும், கடைசி நூல் வரைக்கும் உலோகத்தோட சத்தமா இருக்கும். 128லயோ அதுக்குக் கீழயோ அந்த வால் பகுதி "ஷ்வீ ஷ்வீ"ன்னு தண்ணிக்குள்ள ஆட்டுன மாதிரி அலையும். டிரம்ஸ் செட்ல சிம்பலும் இதே கதைதான். ஒருதடவை இது காதுல மாட்டிக்கிச்சுன்னா அப்புறம் எல்லாப் பாட்டுலயும் கேக்கும், அதனால சந்தோஷமா பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கிறவங்க இந்தப் பாராவை தாண்டிப் போயிடுறது உத்தமம்.

அடுத்து கடம், கஞ்சிரா, சலங்கை. அமைதியா இருக்கிற இடத்துல சடார்னு ஒரு தட்டு விழுற எதுவும் எம்பி3க்கு தலைவலி. அது பாட்டை 1152 சாம்பிள் (மேல சொன்ன செகண்டுக்கு 44,100 அளவுல ஒவ்வொண்ணும் ஒரு சாம்பிள்) கொண்ட ஜன்னலா வெட்டித்தான் பாக்குது, அதாவது 26 மில்லிசெகண்ட். ஒரு ஜன்னலோட கடைசில தட்டு விழுந்தா, தட்டால வந்த ரவுண்டிங் இரைச்சல் அந்த ஜன்னல் முழுக்க பரவிடும், அதாவது தட்டுக்கு முன்னாடியே இரைச்சல் ஆரம்பிச்சிடும். இதுக்கு ப்ரீ-எக்கோன்னு பேரு. அடிக்கு முன்னாடி காது மூடியிருக்கிறது சில மில்லிசெகண்ட்தானே, அதுக்கும் முந்தி வர்றது கேட்டுடும். கேக்குறப்போ "டக்"னு கூர்மையா விழ வேண்டியது "ஸ்டக்"னு மழுங்கி விழும். இந்த மாதிரி இடம் வந்தா சின்ன ஜன்னலுக்கு மாறிக்கோன்னு என்கோடருக்கு (பாட்டைச் சுருக்கி எம்பி3 ஆக்குற சாஃப்ட்வேர்) வழி வெச்சிருக்காங்க, ஆனா அதுக்கு பிட் நிறைய செலவாகும், குறைஞ்ச பிட்ரேட்ல கைல காசு இருக்காது.

கைதட்டலும் நல்ல பரிட்சை. ஆயிரம் பேர் தட்டுறது ஆயிரம் குட்டிக் குட்டி அடி, எல்லாம் ஒழுங்கில்லாம விழுது, என்கோடர் திணறிப் போயிடும், அப்பளம் பொரியற மாதிரி ஒரே சலசலப்பா வெளிய வரும். கச்சேரி ரெக்கார்டிங்னா தனி ஆவர்த்தனம் முடிஞ்சு வர்ற கைதட்டலை மட்டும் கேட்டாலே ஃபைலோட லட்சணம் பாதி தெரிஞ்சிடும்.

தனிக்குரலும் கஷ்டம்தான். எம்பி3யை உருவாக்குனவங்கள்ல முக்கியமான ஜெர்மனிக்காரர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா எந்த வாத்தியமும் இல்லாம பாடுன "டாம்ஸ் டைனர்" பாட்டை வெச்சுப் பரிட்சை பண்ணாரு. மத்த பாட்டெல்லாம் தேவலாம்னு வந்துக்கிட்டு இருந்தப்போ அந்தக் குரல் மட்டும் நாராசமா வந்துச்சு, அப்புறம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு முறையை சரி பண்ணாங்க. காரணம் சிம்பிள், பக்கத்துல வாத்தியம் இல்ல, இரைச்சல் ஒளிஞ்சிக்க இடமில்ல. நம்மூர்ல ஆலாபனையும் அப்படித்தான், தம்புராவும் குரலும் மட்டும். அம்பது வயலின் வாசிக்கிற சினிமாப் பாட்டு 128ல தப்பிச்சிடும், ஆலாபனை மாட்டிக்கும்.

320ன்னு போட்டிருக்கு, ஆனா கேட்டா மொக்கையா இருக்கே?

போலி 320 ஆ இருக்கும். 128ல இருந்த ஃபைலை எவனோ 320க்கு கன்வர்ட் பண்ணி வெச்சிருப்பான். தண்ணி கலந்த பாலை பெரிய சொம்புல ஊத்துன மாதிரி, அளவு பெருசாச்சு, பால் பாலாகாது. இன்னும் சொல்லப் போனா கொஞ்சம் கெட்டும் போகும், ஏன்னா ரெண்டாவது தடவை ரவுண்டு பண்றப்போ இன்னொரு சுற்று இரைச்சல் சேருது.

இந்த வேலையை நானே பண்ணியிருக்கேன், சொல்றதுக்கு வெக்கமா இருக்கு. காலேஜ் படிக்கும்போது என்கிட்ட இருந்த அறுநூத்திச் சொச்சம் பாட்டையும் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓட விட்டு 320 ஆக்குனேன், காலைல எழுந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு, ஹார்ட் டிஸ்க்ல இடம் பத்தலன்னு பழைய ஃபைல் அத்தனையும் டெலீட். ஹாஸ்டல்ல எல்லாருக்கும் பென்டிரைவ்ல குடுத்தேன் வேற. அதுல சில பாட்டு இன்னமும் எங்கயோ "320"ன்னு சுத்திக்கிட்டு இருக்கும்னு நினைச்சா சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு.

போலியைக் கண்டுபிடிக்க ஸ்பெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஆடாசிட்டிலயும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்டும். ஃபைலை உள்ள இழுத்துப் போட்டா படம் வரும், கீழ பேஸ், மேல போகப் போக உச்சச் சத்தம். 128 எம்பி3ல பொதுவா 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தியால வெட்டுன மாதிரி நேர்கோடு இருக்கும், அதுக்கு மேல கருப்பு. ஒழுங்கான 320ல 20 வரைக்கும் ஏதோ ஒண்ணு தெரியும். 320ன்னு பேர் வெச்ச ஃபைல்ல 16ல சுவர் நிக்குதுன்னா சந்தேகப்படலாம். யூடியூப்ல இருந்து இறக்கி எம்பி3 ஆக்குனதுலயும் இதைப் பாக்கலாம், அங்க ஒரிஜினலே பெரும்பாலும் 128 பக்கம்தான்.

ஆனா படத்தை மட்டும் பாத்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. பழைய படப் பாட்டுல, கேசட்ல இருந்து எடுத்ததுல எல்லாம் மேல ஒண்ணுமே இருக்காது, ரெக்கார்டிங்லயே இல்லாதது ஃபைல்ல எங்க இருந்து வரும். 16க்கு மேல வெட்டுனதாலேயே பாட்டு கெட்டுப் போச்சுன்னும் சொல்ல முடியாது. எனக்கு நாப்பது தாண்டியாச்சு, டோன் ஜெனரேட்டர் வெச்சுப் பாத்தா 15க்கு மேல சுத்தமா கேக்கல. அந்தச் சுவர் எனக்கு கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது.

ஃப்ளாக் வாங்குனா பிரச்சனை தீர்ந்துச்சா?

ஃப்ளாக் லாஸ்லெஸ், ஜிப் ஃபைல் மாதிரி, திறந்தா உள்ள போட்ட ஒவ்வொரு பிட்டும் அப்படியே வரும். சிடில பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் மேல இடம் எடுக்கும். ஆனா உள்ள என்ன போட்டாங்களோ அதுதான் வரும்! 128 எம்பி3யை ஃப்ளாக் ஆக்குனா 128 எம்பி3 ரொம்பப் பத்திரமா இருக்கும், அவ்ளோதான். சேத்து வைக்கிறதுக்கு ஃப்ளாக் மாதிரி வராது, எந்தக் காலத்துலயும் அதுல இருந்து வேற எதுக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம். பஸ்ல கேக்குறதுக்கு அது எதுக்குன்னு எனக்குத் தெரியல.

24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் பத்தியும் கேப்பாங்க. சிடி மாதிரி செகண்டுக்கு 44,100 தடவை அளந்தாலே 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் எழுதிடலாம், மனுசன் காது 20ல நிக்குது, அதுவும் சின்னப் பசங்களுக்கு. 16 பிட்ல ரொம்பச் சின்னச் சத்தத்துக்கும் ரொம்பப் பெரிய சத்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் இடைவெளி கிடைக்குது, நம்ம வீட்ல ஃபேன் ஓடுற சத்தத்துலயே அதுல கால்வாசி முழுகிடும். ரெக்கார்டிங் ஸ்டுடியோல மிக்ஸ் பண்றவங்களுக்கு 24 பிட் அவசியம். கேக்குறவங்க அந்தக் காசுக்கு நல்ல ஹெட்ஃபோன் வாங்கலாம்.

இல்லங்க, எனக்கு 320க்கும் ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் தெளிவா கேக்குது!

எனக்கும் கேட்டுச்சு, ரெண்டு வருஷம் கேட்டுச்சு. பேர் தெரியாம கேட்டுப் பாத்த அன்னைக்கு நின்னு போச்சு.

எது எதுன்னு தெரிஞ்சே கேட்டா மூளை முன்னாடியே முடிவு பண்ணிடும், நாம நேர்மையா இருந்தாலும் அதை நிறுத்த முடியாது. அதுக்குத்தான் ஏபிஎக்ஸ் டெஸ்ட். ஏ ஒரு ஃபைல், பி இன்னொரு ஃபைல், எக்ஸ்ங்கிறது ரெண்டுல ஏதோ ஒண்ணு, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், எக்ஸ் எதுன்னு நீங்க சொல்லணும். ஃபூபார்2000ங்கிற பாட்டு ப்ளேயர்ல இதுக்கு ஒரு காம்பொனன்ட் இலவசமா இருக்கு.

ரெண்டு விஷயம் கவனிக்கலன்னா டெஸ்ட் வேஸ்ட். ஒண்ணு, ரெண்டு ஃபைலும் ஒரே மூலத்துல இருந்து வரணும், அதனால ஃப்ளாக்கை எடுத்து நீங்களே எம்பி3 ஆக்குங்க, எங்கேயோ இறக்குன எம்பி3யோட ஒப்பிடாதீங்க, அது வேற மாஸ்டரா, அதாவது சத்தத்தை வேற மாதிரி சரி பண்ணி வெளியிட்ட பதிப்பா இருக்கலாம். ரெண்டு, சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கணும், ஒண்ணு அரை டெசிபல் கூட இருந்தாலே அது "தெளிவா, உயிரோட்டமா" இருக்கிற மாதிரி தோணும், சத்தம் கூடன்னு தோணாது. ஹை-ஃபை கடைல டெமோ கேட்டு ஏமாந்தவங்களுக்கு இது தெரியும்.

எத்தனை தடவைங்கிறதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கணும், ஜெயிக்கிற வரைக்கும் ஆடக்கூடாது. 16 தடவைல 12 சரியா சொன்னா ஏதோ கேக்குதுன்னு வெச்சுக்கலாம், கண்ணை மூடிக்கிட்டு அடிச்சா 12ஓ அதுக்கு மேலயோ வர்றதுக்கு நூத்துக்கு நாலு வாய்ப்புதான். முழுப் பாட்டையும் ஓட விடாதீங்க, அஞ்சு செகண்ட் துண்டு போதும், காதோட ஞாபகம் அவ்ளோதான் தாங்கும்.

நான் பண்ணது: என்கிட்ட இருந்த ஒரு பஜனை சிடில ஜால்ரா வர்ற அஞ்சு செகண்ட். 128ல 16க்கு 15. அடேயப்பான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு அடுத்து லேம் என்கோடர்ல வி2 செட்டிங், அது சராசரியா 190 பக்கம் வரும், அதுல 10. அப்புறம் 320, ரொம்ப நம்பிக்கையா உக்காந்தேன், மூணாவது சுற்றுல "இந்தா, இது எம்பி3, காத்தோட்டமே இல்ல"ன்னு வாய் விட்டே சொன்னேன், அது ஃப்ளாக். மொத்தம் 9. காசு சுண்டிப் போட்டாலே எட்டு வரும். உள்ள இருந்து வீட்டம்மா "என்னங்க அது, ஒரே அஞ்சு செகண்டை அரை மணி நேரமா, பூஜை பண்றவங்களே இவ்ளோ தட்ட மாட்டாங்க"ன்னாங்க.

320ஐ பிடிக்கிறவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. பழகுன காது, அதுக்குன்னே பொறுக்கி எடுத்த துண்டு, அமைதியான ரூம், இதெல்லாம் இருந்தா சில துண்டுல முடியும். சும்மா பாட்டு போட்டு "ஆஹா ஃப்ளாக்"ங்கிறது வேற விஷயம்.

இதை வேலையா பண்றவங்க எப்படிச் சோதிப்பாங்க?

கிட்டத்தட்ட இதேதான், இன்னும் கறாரா. ஐடியூன்னு உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு இதுக்கு முறை எழுதி வெச்சிருக்கு. வித்தியாசம் ரொம்பச் சின்னதுன்னா பிஎஸ்.1116, அதுல 5 மார்க்னா வித்தியாசமே தெரியல, 1னா சகிக்கல. நடுத்தர குவாலிட்டின்னா முஷ்ரா, 100க்கு மார்க். முஷ்ரால ஒரு குசும்பு உண்டு, ஒரிஜினலையே பேர் சொல்லாம கூட்டத்துல ஒளிச்சு வெச்சிருப்பாங்க, வேணும்னே 3.5 கிலோஹெர்ட்ஸோட வெட்டுன மட்டமான ஃபைலும் இருக்கும். ஒளிச்சு வெச்ச ஒரிஜினலுக்கு அடிக்கடி கம்மி மார்க் போடுறவரோட தாளையே தூக்கிடுவாங்க.

எம்பி3, ஏஏசி, ஓபஸ், எது நல்லது?

மூணுமே ஃபைலைச் சுருக்குற முறைதான், பிட்ரேட் கம்மின்னா புதுசு ஜெயிக்கும். 2012ல வந்த ஓபஸ் 96ல பண்ற வேலைக்கு எம்பி3க்கு ரொம்பக் கூட வேணும். 256க்கு மேல போயிட்டா எதை எடுத்தாலும் ஒண்ணுதான், கார்ல பென்டிரைவ் போட்டா ஓடுமாங்கிறதுதான் அப்ப முக்கியம், அங்க எம்பி3யை யாரும் அசைக்க முடியாது. எந்த என்கோடர்ங்கிறதும் முக்கியம், 2000 வாக்குல அவசர அவசரமா சுத்துன 128ம் இன்னைக்கு லேம்ல போடுற 128ம் பேர் மட்டும்தான் ஒண்ணு. நீங்களே சிடில இருந்து எடுக்குறதா இருந்தா விபிஆர் போடுங்க, கஷ்டமான இடத்துல பிட்டை அள்ளிக் குடுத்து அமைதியான இடத்துல மிச்சம் பிடிக்கும்.

பழைய சிடில நல்லா இருந்த பாட்டு இப்ப ஆப்ல கேட்டா காது வலிக்குது. கம்ப்ரஷன்தானே காரணம்?

கம்ப்ரஷன்தான், ஆனா வேற கம்ப்ரஷன். ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சு ஊரைக் குழப்பிட்டாங்க. இவ்ளோ நேரம் பேசுனது ஃபைலைச் சுருக்குறது. இன்னொண்ணு சத்தத்தோட ஏத்த இறக்கத்தைச் சுருக்குறது, மெதுவான இடத்தையும் பலமான இடத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்து விடுறது, மாஸ்டரிங் பண்றப்பவே நடக்குது. ரீமாஸ்டர்னு வர்ற நிறைய பழைய பாட்டு இப்படித்தான் செங்கல் மாதிரி ஆயிடுச்சு, அதை ஃப்ளாக்ல வாங்குனா செங்கல் லாஸ்லெஸா கிடைக்கும். ஆடாசிட்டில அலையைப் பாருங்க, மேலயும் கீழயும் தட்டையா முட்டிக்கிட்டு நின்னா ஃபைல் மேல தப்பில்ல. என் அனுபவத்துல எம்பி3 மேல வர்ற புகார்ல பெரும்பாலானது இந்த ரகம்.

ப்ளூடூத் இயர்பட்ஸ்ல கேட்டா?

ஃபைல் என்னவா இருந்தாலும் போன்ல இருந்து காதுக்குப் போறப்போ இன்னொரு தடவை சுருங்கும். ப்ளூடூத்ல இதுக்குன்னு சில சுருக்குற முறை இருக்கு, எல்லா செட்லயும் இருக்கிற எஸ்பிசி நல்ல செட்டிங்ல 328 கேபிபிஎஸ் வரைக்கும் போகும், எல்டாக் அதிகபட்சம் 990. குவாலிட்டி சோதிக்கிறதா இருந்தா வயர் ஹெட்ஃபோன் போடுங்க. ஆன்லைன் மீட்டிங்ல இருக்கும்போது பாட்டு தகர டப்பா மாதிரி கேட்டா பயப்படாதீங்க, மைக் ஆன் ஆனதும் இயர்பட்ஸ் போன்-கால் மோடுக்கு மாறி மோனோ ஆயிடும், மீட்டிங் முடிஞ்சா சரியாயிடும்.

வாட்ஸப்ல பாட்டு அனுப்புனா கெட்டுப் போகுமா?

டாக்குமென்டா அனுப்புங்க, அப்படியே போகும். பாட்டை ஓட விட்டு வாய்ஸ் நோட்டா ரெக்கார்ட் பண்ணி அனுப்பாதீங்க, அது பேச்சுக்குன்னு இறுக்கிச் சுருக்குறது.

அப்பா வெச்சிருந்த கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தணும், எந்த ஃபார்மட்?

முதல்ல வேவ் (சுருக்காம அப்படியே எழுதுறது) இல்லன்னா ஃப்ளாக், அதுக்கப்புறம்தான் மத்தது. கேசட்ல "ஸ்ஸ்ஸ்"னு ஒரு இரைச்சல் விடாம இருக்கும், என்கோடருக்கு அது இரைச்சல்னு தெரியாது, பாட்டுக்குக் குடுக்க வேண்டிய பிட்டை அதுக்கும் பங்கு போட்டுக் குடுக்கும். நேரா 128ல எடுத்தா ரெண்டுமே நாசம். 60 நிமிஷ கேசட்ல ஒரு பக்கம் வேவ்ல 320 மெகாபைட்தான், இன்னைக்கு அது ஒரு இடமே இல்ல.

ஃபார்மட்டை விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, கேசட் ஓட்டுற டெக்ல, டேப்பைப் படிக்கிற ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், ஹெட்டோட சாய்மானத்தை (அசிமத்) மாத்துறது அதுதான். அந்த கேசட்டை ரெக்கார்ட் பண்ண மெஷினும் உங்க மெஷினும் ஹெட் சாய்மானத்துல ஒரு மயிரிழை மாறியிருந்தாலும் உச்சச் சத்தம் பூரா அமுங்கிடும். மோனோல வெச்சுக்கிட்டு, பாட்டை ஓட விட்டு, குட்டி ஸ்க்ரூடிரைவரால கால் சுத்துக்கும் கம்மியா அப்படி இப்படித் திருப்புங்க, ஒரு இடத்துல ஜால்ராவும் பாடுறவர் சொல்ற "ச"வும் படக்குன்னு தெளிவாகும், அங்க நிறுத்திட்டு ரெக்கார்டிங் போடுங்க. அடுத்த கேசட் வேற மெஷின்ல எடுத்ததா இருந்தா மறுபடி திருப்பணும். இரைச்சலை நீக்குற ஃபில்டர் எல்லாம் காப்பி எடுத்து அதுல போட்டுக்கோங்க, மூல ஃபைல்ல கை வைக்காதீங்க.